பாசிப் பெட்டியும் கரிப் பையும்

போன மாதம் என் மனைவியின் தம்பி சேகர் என்னைக் கொளத்தூர் மீன் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஊரப்பாக்கத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியிருக்கிறான். கட்டினோமா குடியிருந்தோமா என்று இல்லாமல் ஹாலில் கடல்மீன் தொட்டி ஒன்றை வைத்துவிட்டான். கொஞ்ச நாளிலேயே கண்ணாடி முழுக்கப் பாசி. உள்ளே இருக்கும் மீனைத் தேடித்தான் பார்க்க வேண்டும். "கையக் கடிக்காத வெலையில ஒரு ஃபில்டரு பாத்துச் சொல்லுங்க மாமா. உங்களுக்குத் தெரியாததா" என்று அவன் கேட்டதில் எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போயிற்று.

கடைக்காரர் வெளிநாட்டுச் சரக்கு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு பெட்டி, உள்ளே ஒரு வலை, வலைக்கு நேராக விளக்கு. தொட்டித் தண்ணீர் அந்த வலைமேல் வழிந்து திரும்பும், பாசி பெட்டிக்குள்ளேயே வளர்ந்துகொள்ளும், தொட்டியில் வளராது என்று விளக்கினார். சேகர் விலையைக் கேட்டான், உதட்டைப் பிதுக்கினான், என் பக்கம் திரும்பினான்.

"ஏன் மாமா, இது உங்க ரஹ்மத்துல்லா பாய் பிளாஸ்டிக் டிரம்முல செஞ்சதுதானே?"

கடைக்காரர் ஆவலாக, "யாரு சார் அவரு?" என்றார். அந்தக் கடையில் நின்றுகொண்டு ரஹ்மத்துல்லாவின் பெருமையை என் வாயாலேயே நான் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து மனைவி கஸ்தூரியிடம் பொருமித் தீர்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "இத்தினி வருசமாச்சு. அந்தப் பாய் பேச்சு இல்லாம உங்களுக்கு ஒரு வேளை சோறு எறங்கியிருக்கா?" என்றாள். எழுதியாவது இறக்கி வைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு செங்கல்பட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் தண்ணீர் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தேன். ஐஸ் கட்டியின் உள்ளே கலங்கல் தெரியக்கூடாது, மஞ்சள் தெரியக்கூடாது, அதற்குத்தான் சம்பளம். தொண்ணூறுகளின் நடுவில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை ஓரத்தில், ஒரு முதலாளி கடல்மீன் காட்சிக்கூடம் திறந்தார். சம்பளம் கூடுதல் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். அதே வாரம் சேர்ந்தவன் ரஹ்மத்துல்லா. கோவளத்துக்காரன், விலங்கியல் பட்டதாரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அவன் குடும்பம் மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பி வியாபாரம் செய்தது. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே நீலச்சட்டை, ஒரே மேஜை. பொறாமைப்பட இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. எங்கோ உயரத்தில் இருப்பவன்மேல் யாருக்கும் பொறாமை வருவதில்லை. பக்கத்து நாற்காலிக்காரன்மேல்தான் வரும்.

எங்களுக்கு மேலே சங்கரன் சார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், மீன் பண்ணைகளில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு எங்கள் கூடத்துக்கு வந்தவர். தொழிலை அவரிடம்தான் கற்றோம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீரை ஊற்றக்கூடாது, நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. இதைப் போன்ற பாடங்களை ஒருமுறைதான் சொல்வார். இரண்டாம் முறை கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார்.

காலையில் அவர் கூடத்தைச் சுற்றி வருவதைச் சொல்ல வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிடுவார். ஒவ்வொரு தொட்டியிலும் உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். பிறகு கண்ணாடியின் உள்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, வந்ததை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. "கெடக்கட்டும்" என்பார். சுற்றி முடித்ததும் கேன்டீனிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் காபி வரும். அன்றைக்கு எந்தத் தொட்டி அவர் மனசுக்குப் பிடித்திருக்கிறதோ, அதன் பக்கத்தில் போய் நின்று குடிப்பார். ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் டம்ளரோடு தன் அறைக்குப் போய்விடுவார். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் டிக்கெட் கிழிப்பவர் வரைக்கும் தெரியும். காலையில் வேலைக்கு வரும்போதே, "இன்னிக்கு காபி எங்க?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

முதல் வருடத்திலேயே காபி அடிக்கடி ரஹ்மத்துல்லாவின் பக்கம் போக ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு மீனின் முகத்தைப் பார்த்தால் அதன் பசி தெரிந்தது. எனக்கு மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். அவர் காபியோடு அவன் தொட்டிக்குப் போகும்போது நான் ஏதாவது குழாயை முடுக்குவதுபோல் குனிந்துகொள்வேன். அந்தக் கூடத்தில் என் குழாய்கள் மட்டும் ஒருநாளும் ஒழுகாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்த ஆயுத பூஜையின்போது சார் ஊருக்குப் போயிருந்தார். ஐஸ் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் மோட்டாரிலிருந்து ஸ்பானர் வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரைநாள் ஓய்வு கொடுப்போம். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். எங்கள் எலக்ட்ரீஷியன் தனபாலுக்கு இதில் ரொம்ப ஈடுபாடு. "காத்து மோட்டாரு மட்டும் ஓடட்டும், மீனுக்கு மூச்சு வோணும். மத்ததுக்கெல்லாம் அரை நாள் ரெஸ்ட்டு. வருசம் பூரா ஒழைக்குது பாவம்" என்றான். கூடத்து ஆட்கள் எல்லோருமாக ஃபில்டர்களைக் கழற்றினோம். உள்ளே இருந்த பஞ்சு, சல்லி, பழுப்பு வழுவழுப்பு எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் அலசு அலசு என்று அலசினோம். ரஹ்மத்துல்லா பிரஷ் போட்டே தேய்த்தான். வெயிலில் காயவைத்து, வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்தோம். பொரியும் சுண்டலும் ரஹ்மத்துல்லா வீட்டுக்கு ஒரு பெரிய பொட்டலமாகவே போயிற்று.

சார் திரும்பி வந்து, பொட்டு வைத்த ஃபில்டர்களைப் பார்த்தார்.

"யாரு குளிப்பாட்டினது?"

"நாங்கதான் சார். புச்சு மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்றான் தனபால்.

"ஆமா. உள்ள குடியிருந்த உசிரையெல்லாம் சேத்துக் கழுவிட்டீங்க."

அந்தப் பழுப்பு வழுவழுப்புதான் மீனின் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களின் வீடு. நல்ல தண்ணீர் பட்டு, வெயில் பட்டு, அவ்வளவும் செத்துப்போயிருந்தன. தின்ன ஆளில்லாமல் கழிவு தண்ணீரில் தேங்கியது. சில மீன்கள் செத்தன. மீதி மீன்கள் பிழைத்த வேளையில் பாசி கிளம்பியது. முதலில் கண்ணாடியில் பழுப்புப் பொடி, பிறகு கல்லின்மேல் பச்சை மயிர். சுரண்டி எடுத்தால் நாலாம் நாள் மறுபடி வரும். கடல் எதிரிலேயே இருக்கிறதே, தண்ணீரை மாற்ற வேண்டியதுதானே என்று பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. முகத்துவாரம் உடைந்து கழிமுகத் தண்ணீர் முழுக்கக் கடலில் கலந்து, கரையோரம் செம்மண் நிறத்தில் கிடந்தது. பொங்கல் வரைக்கும் நல்ல கடல் தண்ணீர் கிடைக்காது.

சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி வெளிநாட்டு மெஷினுக்குப் பணம் தரமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். வாசலில் நுழைந்ததும் இடமும் வலமுமாக நின்ற இரட்டைத் தொட்டிகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். இடது எனக்கு, வலது அவனுக்கு. கூடத்தில் கிடைக்கும் சாமான்களை வைத்து ஆளுக்கு ஒரு வழி செய்ய வேண்டும். காணும் பொங்கலுக்கு மாமல்லபுரமே நிரம்பி வழியும், முதலாளியும் குடும்பத்தோடு வருவார். அதற்குள் எது நிற்கிறதோ அதை எல்லாத் தொட்டிக்கும் போடுவது என்று முடிவு.

"எவனோடது நிக்குதோ அவனே கூடத்துக்கு இன்சார்ஜ்" என்றார்.

சாருக்கு அடுத்த நாற்காலி. எனக்குத்தான் வர வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன். தண்ணீர் சுத்தம் செய்வது என் தொழில், அவனுடையது அல்ல. வயதிலும் நான் மூத்தவன்.

நான் ஒரு நீல டிரம்மை எடுத்தேன். அடியில் கூழாங்கல், மேலே பாலாற்று மணல், நடுவில் ஐஸ் கம்பெனி நண்பர்மூலம் வாங்கிய தேங்காய் ஓட்டுக் கரி. அடுப்புக் கரி அல்ல, தண்ணீர் சுத்திகரிக்கவென்றே பதப்படுத்தியது. மணலைக் கலங்கல் போகும்வரை கழுவி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே வலை போட்டு, பம்பை இணைத்தேன். ஒரே வாரத்தில் என் தொட்டித் தண்ணீர் அங்கே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத் தெளிந்தது. மீன்கள் காற்றில் மிதப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

வலது பக்கம் ரஹ்மத்துல்லா இன்னொரு நீல டிரம்மைக் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தான். அதற்குள் கொசுவலைத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே ஒரு டியூப் லைட் கட்டினான். கூடத்தில் அதற்குப் பெட்டி என்று பெயர் விழுந்தது. மாமல்லபுரத்துக் கரையோரப் பாறைகளிலிருந்து பச்சைப் பாசியைச் சுரண்டி வந்து வலையில் தேய்த்தான். நான் பல்பு பார்க்கும் சாக்கில் பக்கத்தில் போனேன்.

"இன்னா பாய், பாசிய வெரட்டச் சொன்னா நீ பாசியக் கூட்டியாந்து வெச்சிருக்க?"

"பாசிக்கு வோண்டியது வெளிச்சமும் தீனியும்தானே அண்ணாத்த. ரெண்டையும் இங்கயே குட்த்துட்டா அது ஏன் தொட்டிக்குப் போவுது? இங்கயே தின்னுகினு வளரட்டும். வளந்ததப் பிச்சி தென்னமரத்துக்குப் போட்டுறலாம்" என்றான்.

சிரித்துக்கொண்டே என் பக்கத்துக்கு வந்துவிட்டேன். உள்ளே மட்டும் ஒன்று குத்தியது. அவன் பேச்சில் பிசகு தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, சார் காபி டம்ளரோடு இடது பக்கம் திரும்பினார். என் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தனபால் தூரத்திலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினான். சார் ஒரு வாய் குடித்தார். பிறகு குனிந்து, பின்பக்கக் கல் ஒன்றைப் பார்த்தார். அதன் இடுக்கில் விரல்நீளத்துக்குப் பச்சை மயிர் ஆடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அது இல்லை. அவர் நிமிர்ந்து, மீதிக் காபியோடு வலது பக்கம் நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் தொட்டியில் பாசி முன்னைவிட வேகமாக வந்தது. தண்ணீர் தெளியத் தெளிய வெளிச்சம் அடிவரைக்கும் போனது, பாசி கொண்டாடியது. கலங்கலை நான் எடுத்தேன். பாசி தின்னும் தீனி கலங்கல் அல்ல, தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. மணலுக்கு அது அகப்படவில்லை. சார் ஒருநாள் போகிற போக்கில், "பாசி நோய் இல்ல வே. அது சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்" என்றார். வலது பக்கம் ரஹ்மத்துல்லாவின் வலையில் பாசி பாய்போல் தடித்து வளர, தொட்டிக் கண்ணாடி நாளுக்கு நாள் வெளுத்தது. வாரம் ஒருமுறை பாதிப் பாசியைப் பிய்த்து, பிழிந்து, தென்னை மரத்துக்குப் போட்டான். அந்தத் தென்னையும் நன்றாகக் காய்த்தது என்பதை இங்கே சொல்லித் தொலைக்கிறேன்.

எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. கோவளம் பஸ்ஸில் அவன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தால் நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். பொறாமைக்கு நாகரிகமான வேறு பெயர் ஏதாவது இருக்கிறதா என்று அப்போதும் தேடினேன், கிடைக்கவில்லை. அவன் டியூப் லைட் ஃப்யூஸ் போகட்டும், பாசி அழுகட்டும் என்று கோவளம் திருப்பத்தில் இருக்கும் பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளையார் பாதிதான் காது கொடுத்தார்.

மார்கழி கடைசியில் அவன் தொட்டித் தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கியது. கண்ணாடியில் பாசி இல்லை, கல் சுத்தம், மீன்கள் துள்ளுகின்றன, ஆனால் தண்ணீர் மட்டும் பால் ஊற்றாத டீயின் நிறம். முதலாளிக்கு விவரம் தெரியாது. மஞ்சள் தண்ணீரைப் பார்த்தால் சாக்கடை என்றுதான் சொல்வார். ரஹ்மத்துல்லா படகுக்காரர்களிடம் சொல்லி உள்கடல் தண்ணீர் ஒரு டிரம் கொண்டுவந்து கலந்து பார்த்தான், வலையை அலசிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னானே தெரியல அண்ணாத்த. எல்லாம் நல்லாத்தான் கீது. கலரு மட்டும் போவ மாட்டேங்குது" என்றான் என்னிடமே.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. செடி கொடி ஊறிய சாறு. ஐஸ் கம்பெனியில் ஏரித் தண்ணீர் வந்தால் இதே மஞ்சள்தான். கரி போட்டால் இரண்டு நாளில் எடுத்துவிடும். "அப்படியா பாய்" என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். கஸ்தூரி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள், அதையும் சாப்பிட்டேன்.

போகிக்கு முந்தின நாள் காலை சார் வலது தொட்டியில் தண்ணீரை அள்ளி முகர்ந்தார். கீழே விடாமல், உள்ளங்கையில் அப்படியே வைத்துக்கொண்டு, கூடத்தின் குறுக்கே என்னிடம் நடந்து வந்தார். விரல் இடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மருந்து உன்கிட்ட இருக்கு."

"இருக்கு சார்."

"போடு."

"சார், கரி என் ஃபில்டரோடது."

"கெடக்கட்டும். போடு."

என் டிரம்மைப் பிரித்தேன். பழைய வேட்டித் துணியில் பை தைத்து, பாதிக் கரியை எடுத்து, கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரைக்கும் அலசினேன். பையை இறுக்கிக் கட்டி, ரஹ்மத்துல்லாவின் பெட்டியில் தண்ணீர் விழும் இடத்தில் என் கையாலேயே தொங்கவிட்டேன். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரொம்ப தேங்க்ஸு அண்ணாத்த" என்றான். அவன் முகத்தில் நடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

பொங்கலன்று தண்ணீர் தெளிந்துவிட்டது. காணும் பொங்கலுக்கு முதலாளி வந்தார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வலது தொட்டி முன்னால் நின்றார். "பாசி ஒழிஞ்சிடுச்சே" என்றார். ரஹ்மத்துல்லா உடனே, "தண்ணி தெளிஞ்சது முருகேசன் அண்ணன் போட்ட கரியால சார்" என்றான்.

முதலாளி திரும்பி, "முருகேசன் யாரு?" என்று கேட்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நியாயமாக முதலாளிமேல்தான் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ரஹ்மத்துல்லாமேல்தான் வந்தது. திறமைசாலியாக இருந்தான், போகட்டும் என்று விட்டிருப்பேன். நல்லவனாகவும் இருந்துவிட்டான், அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் சார் முடிவைச் சொன்னார். எல்லாத் தொட்டிக்கும் பெட்டி, பெட்டிக்கு ஒரு பை. இன்சார்ஜ் ரஹ்மத்துல்லா. நான் அறைக்குள் போய் நேராகக் கேட்டேன்.

"என் கரி இல்லாம அந்தப் பெட்டி நின்னிருக்காதே சார்?"

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அவன் பெட்டி இல்லாம உன் கரி என்ன வே செஞ்சிருக்கும்? அதான் பாத்தோமே."

நான் வெளியே வந்து, மீதிப் பைகளுக்கு வேட்டித் துணி கிழிக்க உட்கார்ந்தேன்.

அவனுக்குக் கீழே பல வருடம் வேலை பார்த்தேன். சம்பளக் கவரை அவன் கையால் வாங்கினேன். அவன் ஒருநாள்கூட அதிகாரம் செய்யவில்லை, நியாயமாகத் திட்டித் தீர்க்கும் நிம்மதியையும் எனக்குத் தரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சார் ஓய்வெடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். இன்னும் சில வருடம் கழித்து வளைகுடாவில் ஒரு பெரிய மீன் கூடத்தில் ரஹ்மத்துல்லாவுக்கு வேலை கிடைத்தது. போகிற அன்று சாவிக்கொத்தை என் கையில் வைத்தான்.

"இனிமே நீதான் அண்ணாத்த எல்லாம். பெட்டியப் பாத்துக்க. கரிய மட்டும் மாசாமாசம் மாத்த மறந்துடாத."

கரியை மாற்ற என்னிடம் சொல்கிறான். சாவியை வாங்கிக்கொண்டு, "சரி பாய்" என்றேன்.

அப்படித்தான் நான் இன்சார்ஜ் ஆனேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வாரமும் அவன் பெட்டியிலிருந்து பாசியைப் பிய்த்து அதே தென்னைக்குப் போட்டேன். அந்தக் காலத்தில் ஒருமுறை ஏதோ கல்யாணத்துக்கு வந்த சங்கரன் சார் கூடத்துக்கும் வந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டார். நான் கேன்டீனுக்கு ஆள் அனுப்பாமல் நானே ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரில் காபி வாங்கி வந்தேன். அவர் இடது தொட்டியில், என் பழைய தொட்டியில், தண்ணீரை அள்ளி முகர்ந்தார். நகத்தால் கண்ணாடியைச் சுரண்டி, விரலில் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டார். எங்கேயும் நகரவில்லை. என் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"நல்லாருக்கு வே" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, தொட்டியைத் தட்டிக்கொடுத்தபடி அவர் சொன்னார்.

"ரஹ்மத்து பெட்டி இன்னும் ஓடுது பாத்தியா."

சேகருக்கு இனி என் பதில். அந்த வெளிநாட்டுப் பெட்டி உனக்கு வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு துண்டு கொசுவலை, ஒரு விளக்கு, ஒரு சின்ன பம்பு போதும். பாறையிலிருந்து கொஞ்சம் பாசி நான் கொண்டுவந்து தருகிறேன். மீனுக்குப் போடும் தீனியைக் குறை. வாரம் ஒருமுறை வலையில் பாதிப் பாசியைப் பிய்த்து எறி. ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் வை, ஃபில்டரைக் கழுவாதே. தண்ணீர் மஞ்சளாகும்போது தேங்காய் ஓட்டுக் கரியை நன்றாக அலசி, துணிப் பையில் கட்டித் தொங்கவிடு. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், பெட்டி ரஹ்மத்துல்லா பாய் கண்டுபிடித்தது என்று தாராளமாகச் சொல்லிக்கொள். பை என்னுடையது. அதையும் சொல்.